எட்டு நடையின் நாற்பத்தொன்றாம் நாள்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை தூறலாகக் குறைந்திருந்தது. பீர்க்கன்கரணை ஏரிக்கு அருகே உள்ள பூங்காவில், எட்டு வடிவில் கூழாங்கல் பதித்த பாதையில் என் மனைவி வெறுங்காலுடன் பதினேழாவது சுற்று நடந்துகொண்டிருந்தாள். என் இருபத்தொரு சுற்றை முடித்துவிட்டு, ஒரு கையில் குடையும் மறு கையில் அவள் செருப்புமாக நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏற்பாடு என்னுடையது. முப்பத்துநாலு வருடம் முன்பக்கம் ஒடுங்கிய கறுப்பு ஷூவில் அலுவலகம் போனவன் நான். சுண்டு விரல்கள் இரண்டும் பக்கத்து விரலுக்கு அடியில் மடங்கிவிட்டன. காலையில் கட்டிலிலிருந்து இறங்கினால் குதிகாலில் ஆணி இறங்கும். வெறுங்காலோடு கூழாங்கல்லில் நடக்கத் தொடங்கிய மூன்றே வாரத்தில் அந்த வலி பாதியானது. அதன்பின் யாரைப் பார்த்தாலும் செருப்புதான் சத்ரு என்று பேச ஆரம்பித்தேன். பாதம் தரையை உணர வேண்டும் என்பேன். என் காலுக்கு அது சரிதான்.

அவளுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. வீட்டுக்குள்கூட மெத்தென்ற ரப்பர் செருப்பு போடும்படி டாக்டர் சொல்லியிருந்தார். பூஜை அலமாரி இருக்கும் வீட்டில் செருப்பா என்று நான்தான் அதை வாசலோடு நிறுத்தினேன். பிறகு, ஒரு மண்டலம் விடாமல் எட்டு நடக்கலாம், நாற்பத்தெட்டு நாளில் எல்லாம் சரியாகும் என்றும் நானே சொன்னேன்.

அத்தனை நாள் பழகியும், முதல் நாள் என் கால் துடித்தது. அவள் கூடத்தில் நடப்பதுபோல் நடந்தாள்.

"உனக்குக் குத்தலையா?"

"இல்லீங்க. பஞ்சு மேல நடக்கற மாதிரிதான் இருக்கு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேடவாக்கத்தில் இருக்கும் மகளைக் கூப்பிட்டு, "உங்கம்மா கால் இரும்பு" என்றேன்.

அன்று, நாற்பத்தொன்றாம் நாள், பூங்காவைப் பெருக்கும் பெண்மணி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னா சார், மழைலகூட வுட மாட்டியா? அக்காவை ரேஸுக்கு அனுப்பப் போறியா?"

"ஒருநாள் விட்டா அவருக்குச் சோறு இறங்காதும்மா" என்றாள் என் மனைவி, நடந்தபடியே.

பத்தொன்பதாவது சுற்று முடிந்தபோது துடைப்பச் சத்தம் நின்றது.

"சார், எண்றதை நிறுத்து. கல்லைப் பாரு. ரத்தம் வந்துகினு கீது."

நான் முதலில் என் காலைத்தான் பார்த்தேன். பிறகு என் மனைவியை உட்கார வைத்து வலது பாதத்தைத் தூக்கினோம். கட்டைவிரலுக்குக் கீழே, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பாட்டில் துண்டு.

"எப்போ குத்திச்சு?"

"தெரியலையே" என்றாள். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் இரண்டு சுற்று பாக்கி என்பதுதான் அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடங்களில் தொட்டார். தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். நானும் எண்ணினேன். இரண்டு முறைதான் அவள் "ம்" என்றாள்.

"எத்தனை நாளா இப்படி மரத்துப்போயிருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். "முதல் நாளே பஞ்சு மாதிரி இருக்குன்னு சொன்னா, டாக்டர்" என்றேன்.

"நரம்பு போயிடுச்சுன்னா அப்படித்தான் சார் இருக்கும். அன்னிக்கே கூட்டிட்டு வந்திருக்கலாமே."

புண் எலும்பு வரை போயிருந்தது. மூன்றாவது வாரம் கட்டைவிரலை எடுத்தார்கள். வீடு திரும்பும்போது பெருங்களத்தூர் சிக்னலில் ஆட்டோ வெகுநேரம் நின்றது.

"ஏன் உம்முனு வர்றீங்க? மீதி ஒன்பது இருக்கு. வேணும்னா எண்ணிக்கோங்க" என்றாள்.

இப்போது அவள் பூஜை அலமாரி முன்னாலும் செருப்போடுதான் நிற்கிறாள். கட்டைவிரல் இல்லாததால் அடி எடுத்து வைக்கும்போது லேசாக வலப்பக்கம் சாய்கிறாள். நான் பின்னாலேயே போகிறேன். ஆஸ்பத்திரி, மருந்து, தினசரிக் கட்டு, அவள் பாதத்துக்கென்று அளவெடுத்துத் தைத்த காலணி, ஆட்டோ எல்லாம் சேர்த்து ஆனது ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூற்று முப்பது ரூபாய்.