சீதை ஆச்சி யாரையும் அழிக்கவில்லை

அமராவதிபுதூர் சீதை ஆச்சிக்கு வயது அறுபத்திரண்டு. இந்த வயதில் மற்றவர்களுக்கு முழங்காலில் வரும் கோளாறு ஆச்சிக்கு மட்டும் கம்ப்யூட்டரில் வந்தது. எழுந்திருக்க அதற்கு அத்தனை நேரம் பிடித்தது.

ஆச்சி வரன் பார்த்துச் சொல்கிறவர். தரகர் என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் அவர்கள் வீட்டுப் படியை அப்புறம் மிதிக்கமாட்டார். இதற்கென்று யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை. கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார வைத்தால் போதும். ஒரு வீட்டில் தெரியாத்தனமாக மூன்றாம் பந்தியில் உட்கார வைத்தார்கள். அந்த வீட்டு இரண்டாவது பெண் இன்றைக்கும் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருக்கிறது.

2012இல் மகன் நாராயண் சென்னையிலிருந்து அனுப்பிய கம்ப்யூட்டர் அது. ஒன்பது கோயில் பிரிவு நகரத்தார் வீட்டுக் கல்யாண வயதுப் பிள்ளைகள் எல்லாரும் அதற்குள் இருந்தார்கள் என்று சொன்னால் கொஞ்சம் கூடத்தான். எட்டுக் கோயில் நிச்சயம். ஒவ்வொருவருக்கும் பெயர், விலாசம் என்று நாங்கள் சொல்லும் குடும்ப முன்னெழுத்துகள், கோயில், ஊர், போன் நம்பர், ஜாதகம், படம். கல்யாணம் ஆனால் அந்தத் தேதியையும் ஆச்சி பக்கத்தில் குறித்துவைப்பார்.

காலையில் பட்டனை அமுக்கிவிட்டுப் பருப்பை அடுப்பில் வைப்பார். சாம்பார் கொதித்து இறங்கி, வெண்டைக்காய் வதங்கி, கணவர் அழகுசுந்தரம் செட்டியார் சாப்பிட்டுக் கை கழுவும்போது திரையில் வெளிச்சம் வரும். படம் திறப்பது அதைவிட மோசம். தலைமுடியில் ஆரம்பித்து மெல்ல மெல்ல இறங்கும். நாச்சியாபுரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் மாப்பிள்ளையின் நெற்றி வரை பார்த்தது, காபி குடித்தது, மூக்கு வரை பார்த்தது. வாய் வருவதற்குள் அவர்களுடைய பஸ் வந்துவிட்டது. பெண்ணுக்கு மூக்கு வரையில் பிடித்துப்போயிற்று; மீதியைக் கல்யாண மேடையில் பார்த்துக்கொண்டாள். நல்ல வாய்தான்.

இதெல்லாம் யாருக்கும் குறையாகத் தெரியவில்லை, பக்கத்து வீட்டுக்குச் சௌபர்ணிகா வந்து சேரும்வரை. பெங்களூரு கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆனதும் ஊரோடு வந்துவிட்டவள், வயது முப்பத்துமூன்று. அவளிடம் அப்பளம் போல ஒரு லேப்டாப் இருந்தது. தோழியின் தம்பிக்குப் பெண் பார்த்துக் கொடுத்ததில் ஆரம்பித்து, அவளும் வரன் பட்டியல் வைக்க ஆரம்பித்தாள்.

இரண்டு வீட்டிலும் வேலை பார்க்கும் பொன்னுத்தாயி அங்குட்டு நடப்பதை இங்குட்டு வந்து சொல்லுவாள். "மூடியத் தொறந்தவுடனே மாப்பிள்ளை சிரிக்கிறாரு ஆச்சி. அங்க நா ஒரு தட்டக் கழுவி வைக்கிறதுக்குள்ள நாலு மாப்பிள்ளை வந்துட்டுப் போயிட்டாக."

"உள்ள ஒண்ணும் இல்லாத மிஷினு வெரசாத்தான் ஓடும். காலி வண்டி பாத்ததில்லையா நீ?" என்றார் ஆச்சி.

ஆனால் அன்று முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கழுவிய பாத்திரத்தையே கிணற்றடியில் மறுபடி கழுவிக்கொண்டு, சுவருக்கு அந்தப்பக்கம் லேப்டாப் திறக்கும் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த லேப்டாப் திறக்கும்போது சத்தமே போடாது. அதுவும் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு புதன்கிழமை சிநேகிதி லட்சுமி ஆச்சி வந்தார். அவருடைய மகள் சுபலட்சுமிக்கு மூன்று வருஷமாக மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"கோவிச்சுக்கிடாதே சீதை. ஞாயித்துக்கிழமை காலையில சுபா வாரா. ரெண்டு மணி நேரம்தான் இருப்பா, மத்தியானம் திரும்பிருவா. ஒம் பெட்டி அதுக்குள்ள எந்திரிக்கலைன்னா பக்கத்து வீட்டுல போயிப் பாத்துக்கிடுறோம்."

"தாராளமாப் போ. அங்க இருக்கிறது மொத்தம் இருபத்திமூணு பேரு. அதுக்கு லேப்டாப்பு எதுக்கு? கைவெரலு கால்வெரலு போக, மூணு வெரலு யாருகிட்டயாவது இரவல் வாங்கினாப் போதும்."

வாய் அப்படிச் சொன்னது. லட்சுமி ஆச்சி போனதும் மனசு கணக்குப் போட்டது. முப்பது வருஷச் சிநேகிதியே அந்தப் படி ஏறிவிட்டால், திங்கட்கிழமை முதல் இந்த வீட்டுக்கு வரன் கேட்டு யார் வருவார்கள்?

முதலில் கண்ணேறு என்றுதான் நினைத்தார். மிளகாய் வற்றலும் உப்பும் எடுத்துக் கம்ப்யூட்டரை மூன்று முறை சுற்றிப் பக்கத்திலேயே கரிச்சட்டியில் போட்டார். கம்ப்யூட்டரின் மின்விசிறி அந்த நெடியை உள்ளே இழுத்துத் தும்மியது. தும்மியது என்றால் நிஜமாகவே, செட்டியார் முன்கட்டிலிருந்து, "யாருக்குச் சளி?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை காரைக்குடியிலிருந்து உதயகுமார் வந்தார். இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஆச்சி, உள்ள பழனி மலையே இருக்கு."

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ஆச்சி பட்டை பட்டையாகப் பூசிய விபூதி முழுவதும் ஓட்டைகள் வழியாக உள்ளே போய் விசிறியை அடைத்திருந்தது. காற்றுப் போகாததால் சூடு, சூட்டினால் மந்தம். உதயகுமார் தூரிகையால் தட்டி, ஊதி எடுத்தார். பிறகு ராம் என்கிற நினைவகத் தகடு, பழையது ஒன்றைக் கூடுதலாகச் செருகினார். பட்டனை அமுக்கிவிட்டுக் காத்திருந்தார்கள்.

"நீங்க பட்டனை அமுக்குனதும் பதினேழு புரோகிராம் ஒண்ணா எந்திரிக்குது ஆச்சி. காலண்டரு, பிரிண்டரு, யாரோ ஏத்திவிட்ட சீட்டு வெளையாட்டு..."

"பதினேழு பேரும் ஒரே நேரத்துல காபி கேட்டா?"

"அதேதான். முக்கியமானவுக மூணு பேரு எந்திரிக்கட்டும். மத்தவுக கூப்பிட்டா வரட்டும்."

இதற்கு ஆச்சி சம்மதித்தார். அடுத்ததில்தான் தகராறு. டிஸ்கில் ஓர் அங்குல இடமில்லை. ஏன் என்று பார்த்தால், ஒரே பட்டியல் முப்பத்தொன்பது முறை இருந்தது. வருஷப் பிறப்புக்கும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பழைய ஏட்டில் எழுதாமல் புது ஏடு போடுவது ஆச்சியின் மாமனார் வீட்டு வழக்கம். அதனால் அந்த நாட்களில் மொத்தப் பட்டியலையும் ஒரு நகல் எடுத்து, மேலே பிள்ளையார் சுழி போட்டுப் பெயர் வைத்து, அதில்தான் புதிதாக எழுதுவார். பழையது பழையபடியே கிடக்கும். ஜாதகங்களையோ, கிரகம் மங்கலாகத் தெரியக்கூடாது என்று, ஸ்கேனரில் இருப்பதிலேயே பெரிய அளவில் பிடித்துவைத்திருந்தார்.

"கல்யாணம் ஆனவுகளை எல்லாம் டெலிட் பண்ணிருவோம்" என்றார் உதயகுமார்.

"என்னது?"

"அழிச்சிருவோம்."

"நல்லா இருக்கிற புள்ளைக பேரையா? புள்ளையார் சுழி போட்டு எழுதுன பேரை அழிக்கிறதா?"

"நகலையாவது அழிப்போம் ஆச்சி. ஒரே பொண்ணு முப்பத்தொம்போது தடவ இருக்கு."

"அழிச்சாப் போயி எங்க விழும்?"

உதயகுமார் யோசிக்காமல் திரையில் இருந்த குப்பைத்தொட்டிப் படத்தைக் காட்டிவிட்டார். ஆச்சி எழுந்து நின்றார். "கழுத்துல தாலி ஏறுன புள்ளைகளக் குப்பைத்தொட்டியில போடச் சொல்றீகளா? இதுக்குத்தான் காரைக்குடியிலருந்து வந்தீகளா?"

ஆச்சி கொடுத்திருந்த காபியை உதயகுமார் ஒரே மடக்கில் குடித்து முடித்தார். பிறகு, "அழிக்க வேணாம். அனுப்பி வைப்போம். கட்டிக்கொடுத்த புள்ளைக பொறந்த வீட்டுலயா குடியிருக்காக? வெளியில செருகுற டிஸ்க் ஒண்ணு இருந்தா, அதுல குடிவச்சிருவோம்" என்றார்.

ஆச்சி உட்கார்ந்தார். "அப்படிச் சொல்லுங்க. அந்த டிஸ்கு கொண்டாந்திருக்கீகளா?"

"இத்தனை பேரு கொள்ளுற டிஸ்க் எங்கிட்ட இல்லை. காரைக்குடி முழுக்கப் போன்ல கேட்டுட்டேன், திங்கக்கிழமைதான் வருமாம். ஆனா நீங்க எதுக்குக் காத்திருக்கணும்? பக்கத்து வீட்டு அம்மாகிட்ட பெருசா ஒண்ணு இருக்கு. போன மாசம் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்."

பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை ஆச்சி ஒரு கிண்ணத்தில் சீயம் பலகாரம் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். இரண்டு வீட்டுக்கும் நடுவே பன்னிரண்டு அடி. அன்றைக்கு அது காசி யாத்திரை மாதிரி இருந்தது. உள்ளே லேப்டாப் திறந்திருந்தது. அதில் ஒரு மாப்பிள்ளை முழு வாயும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆச்சி அவரைப் பார்க்காத மாதிரி உத்தரத்தைப் பார்த்தார். உறைமோர் கேட்டார். வெயில் பற்றிப் பேசினார். கிளம்பப் போகிறவர்போல வாசல் வரை வந்து, "சும்மா கெடக்கிற டிஸ்கு எதாச்சும் வச்சிருக்கியா ஆத்தா?" என்றார்.

"எதுக்கு ஆச்சி?"

"நம்ம பட்டியலக் கொஞ்சம் எடுத்து வைக்கணும். எடம் பத்தலை. உனக்கு அந்தக் கஷ்டம் வர இன்னும் நாளாகும்."

சௌபர்ணிகா குத்தலைக் கவனிக்கவில்லை. "மொத்தம் எத்தனை பேரு ஆச்சி?"

"யாரு எண்ணுனா?" ஆயிரத்து நானூற்றுப் பதினெட்டு பேர் என்பது ஆச்சிக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

"இங்க வந்து பாக்குறவுக எல்லாம், சீதை ஆச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரோம்னு சொல்லிட்டுப் போயிறாக" என்றாள் சௌபர்ணிகா, கொஞ்சம் கசப்பாக. பிறகு சட்டென்று குரல் இனித்தது. "டிஸ்க் தாரேன் ஆச்சி. ஏத்துனதும் இங்கயே திருப்பிக் கொண்டாந்துருங்க. உங்க பட்டியல் எங்கிட்டப் பத்திரமா இருக்கும்."

சொல்லும்போது அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. ஆச்சிக்கு அது பழக்கமான வெளிச்சம். இத்தனை நாளாகக் காலையில் முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்ப்பது. பதினான்கு வருஷ உழைப்பை ஒரே இரவலில் வாரிக்கொள்ளப் பார்க்கிறாள். டிஸ்க் வாங்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை லட்சுமி அந்தப் படி ஏறுவார். வாங்கினால் பட்டியலே அந்தப் படி ஏறிவிடும்.

"அதுக்கென்ன ஆத்தா, நீயே வச்சுக்கோ" என்று சொல்லி டிஸ்கை முந்தானையில் முடிந்துகொண்டார்.

திரும்பி வரும்போது அந்தப் பன்னிரண்டு அடி மூன்றடியாகச் சுருங்கிவிட்டது.

வெள்ளியும் சனியும் ஆச்சி நாற்காலியை விட்டு எழவில்லை. செட்டியார் இரண்டு நாளும் தயிர்சாதம் சாப்பிட்டார். ஆச்சி முப்பத்தொன்பது ஏட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். கல்யாணம் ஆனவர்கள் ஆயிரத்து இருநூற்று ஏழு பேர். அவர்களை ஜாதகம், படம், நகல் என்று ஒன்று விடாமல், நல்ல நேரம் பார்த்துச் சௌபர்ணிகாவின் டிஸ்குக்கு அனுப்பி வைத்தார். கல்யாணம் ஆகாத இருநூற்றுப் பதினோரு பேரையும் பழைய ஏடுகளிலிருந்து பொறுக்கி எடுத்து, புது ஏடு ஒன்றே ஒன்றில் தம்மிடம் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் டிஸ்கைத் திருப்பிக் கொடுத்தபோது சௌபர்ணிகா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. லட்சுமி ஆச்சி வீட்டிலிருந்தே காபி குடித்துவிட்டு, படிப்பதற்கு ஒரு வாரப் பத்திரிகையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஆச்சி பட்டனை அமுக்கினார். லட்சுமி ஆச்சி மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் முதல் மாப்பிள்ளை, தலையிலிருந்து சட்டைப் பொத்தான் வரை, வந்து நின்றார்.

"ஆத்தாடி!" என்றார் லட்சுமி ஆச்சி.

வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். சுபலட்சுமி ஒரு தம்ளர் காபி குடிப்பதற்குள் பதினோரு பேரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மூன்று வருஷத்தில் அவள் மொத்தமாக மறுத்ததே ஆறு பேர்தான். பன்னிரண்டாவது, இளையாத்தங்குடிக் கோயில், ஊர் தேவகோட்டை. "இவுக சிங்கப்பூர்லயா இருக்காக? கொஞ்சம் பெருசாக் காட்டுங்க ஆச்சி" என்றாள். லட்சுமி ஆச்சி மகளைப் பார்த்தார். பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அவர்கள் போன கையோடு சுவருக்கு மேலே சௌபர்ணிகாவின் தலை தெரிந்தது.

"ஆச்சி, டிஸ்க்ல எல்லாரும் கல்யாணம் ஆனவுகளால்ல இருக்காக?"

"ஆமா ஆத்தா. பத்திரமா இருக்கும்னியே, அதான் பொறுப்பான இடமாப் பாத்து வச்சேன்."

சௌபர்ணிகாவின் தலை சுவருக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆச்சி அன்றைக்கு நாலு கை சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

தை மாதம் சுபலட்சுமிக்கும் தேவகோட்டைப் பையனுக்கும் கல்யாணம். ஆச்சிக்கு முதல் பந்தி, அதுவும் முதல் இலை. பந்தியில் பக்கத்து இலைக்காரி சௌபர்ணிகாவைப் பற்றிப் பேசினாள். எதிர் இலையும் அவளைப் பற்றியே பேசியது. விஷயம் இதுதான்: அவள் டிஸ்கில் இருந்த ஆயிரத்து இருநூற்று ஏழு பேருக்கும் அவரவர் கல்யாண நாளன்று, ஆச்சி குறித்துவைத்திருந்த தேதியைப் பார்த்து, அவர்கள் படத்தோடு போனில் வாழ்த்து அனுப்ப ஆரம்பித்திருந்தாள். எங்கள் வீட்டாரே மறந்த நாளை அந்தப் பெண் ஞாபகம் வைத்திருக்கிறாள் என்று ஊர் உருகியது. மலேசியாவிலிருந்து ஒருவர் அவளுக்குச் சேலை அனுப்பினாராம். எந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் அவளுக்குத்தான் முதல் அழைப்பாம்.

ஆச்சி பாயசத்தைத் தொடவில்லை.

"தேதி எல்லாம் நா குறிச்சது" என்று வீட்டுக்கு வந்ததும் செட்டியாரிடம் பொருமினார். "ஒண்ணுவிடாம நா குறிச்சது! எனக்கு ஏன் இது தோணலை?"

அடுத்த வாரம் அவருடைய போனுக்கும் ஒரு வாழ்த்து வந்தது. கம்ப்யூட்டர் வந்த புதிதில், எழுதிப் பழகுவதற்காக ஆச்சி முதலில் ஏற்றியது தம்முடைய கல்யாணத் தேதியையும் படத்தையும்தான். கழுத்துரு என்னும் பெரிய தாலியும் மாலையுமாகத் தாமும், மீசை அரும்பிய செட்டியாரும். வாழ்த்தைச் சுற்றிச் சௌபர்ணிகா மல்லிகைச் சரம் வரைந்திருந்தாள். தெருவே வந்து பார்த்தது. செட்டியார் எல்லாருக்கும் தாமே காட்டினார்.

படம் மிக நன்றாக இருந்தது. ஆச்சிக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை.