கோட்டில் பட்ட பந்து

என் மகள் டென்னிஸ் ஆட ஆரம்பித்து ஐந்து வருடம் ஆகியும், அவள் பெரிய போட்டி ஒன்றில் ஆடுவதை நான் நேரில் பார்த்தது போன வருடம்தான், பெங்களூரில். அதுவரை எல்லா ஊருக்கும் அவளைக் கூட்டிப் போனவர் என் வீட்டுக்காரர். ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருக்கிறார். ஷிஃப்டை மாற்றி வாங்கிக்கொண்டு, பாகலூர் ரோட்டில் இருக்கும் பயிற்சி மைதானத்தில் தினமும் அவளைக் கொண்டுபோய் விடுவார். டென்னிஸ் மட்டையைக் கையால் தொடாமல் வளர்ந்த மனிதர், செல்போனில் பார்த்துப் பார்த்தே ஆட்டத்தின் விதிகளை எல்லாம் கற்றுக்கொண்டார். எனக்கு லீவு கிடைப்பதுதான் கஷ்டம். வேறொரு கம்பெனியில் இயந்திரங்களில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல்களைச் சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். விளக்கடியில் ஒவ்வொரு சீலாகத் திருப்பி, கீறல் இருக்கிறதா, குமிழ் இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்க வேண்டும்.

பல மாநிலங்களிலிருந்து பிள்ளைகள் வந்து ஆடும் போட்டி அது. அதில் பதினாறு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான இரட்டையர் பிரிவில் மகளும் அவளுடைய ஜோடியும் இரண்டு சுற்று ஜெயித்து, காலிறுதிக்கு வந்துவிட்டார்கள்.

"நாளைக்காச்சும் வா. செமிஃபைனல் போயிட்டா புள்ள பேரு வெளிய தெரிய ஆரம்பிச்சிடும்" என்றார் வீட்டுக்காரர். சூப்பர்வைசரிடம் கேட்டு ஒருநாள் லீவு வாங்கினேன்.

மகளின் ஜோடிக்கும் பதினைந்து வயதுதான். அவளுடைய அப்பா பேரிகையிலிருந்து ஓசூருக்கு வந்து, கம்பெனிகளில் கழிக்கும் பழைய இரும்பை எடுத்து விற்கிறவர். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். மூன்று வருடமாக இரண்டு பெண்களும் சேர்ந்து ஆடுகிறார்கள். பயிற்சி முடிந்ததும் என் வீட்டுச் சமையலறையில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் அந்தப் பெண் வீட்டுக்குப் போவாள். காலையில் பாயின் வேனிலேயே ஐந்து பேரும் கிளம்பினோம். அத்திப்பள்ளி தாண்டும்வரை பெண்கள் இரண்டு பேரும் பின்சீட்டில் ஒரே ஹெட்ஃபோனை ஆளுக்கு ஒரு காதில் வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார்கள்.

நாங்கள் போனபோது நாலு செம்மண் கோர்ட்டிலும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு விஷயம் எனக்குப் புதிதாக இருந்தது. அரையிறுதி வரைக்கும் நாற்காலி போட்டு உட்காரும் அம்பயர் கிடையாது. தங்கள் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று ஆடுகிற பிள்ளைகளே சொல்ல வேண்டும். வெளியே என்றால் ஒரு விரலைத் தூக்குவார்கள். நாலு கோர்ட்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு அம்பயர் நடந்துகொண்டிருப்பார். தகராறு வந்தால் அவரைக் கூப்பிடலாம். செம்மண் தரை என்பதால் பந்து விழுந்த தடம் மண்ணில் தெரியும்.

"புள்ளைங்களே சொல்றதா?" என்று கேட்டேன்.

"ஆமா. நம்பிக்கைதான்" என்றார் வீட்டுக்காரர்.

கம்பிவலைக்கு வெளியே, மகள் நின்ற பக்கத்தில், சிமென்ட் படியில் உட்கார்ந்தோம். பாய் வேனை நிழலில் நிறுத்தப் போனவர் அங்கேயே போன் பேசிக்கொண்டிருந்தார். எதிரில் ஆடிய பெண்கள் வடக்கே எங்கிருந்தோ வந்தவர்கள். ஒருத்தி உயரம். இன்னொருத்தி என் மகளை விடச் சின்னவளாகத் தெரிந்தாள். முதல் செட்டை அவர்கள் எடுத்தார்கள். இரண்டாவதை எங்கள் பிள்ளைகள் எடுத்தார்கள். மகள் ஓடுவதும், பின்னால் சாய்ந்து அடிப்பதும், ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் ஜோடியின் கையைத் தட்டுவதும் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. வீட்டில் தட்டைக்கூடக் கழுவாமல் போட்டுவிட்டுப் போகிற பெண்ணா இவள் என்றிருந்தது.

இரண்டாவது செட்டில் ஒரு தடவை வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். வெயிலுக்குத்தான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கழற்றினார். இரண்டு தடவையும் மகள் விரலைத் தூக்கியிருந்தாள். அப்போது அதை நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

இரண்டு செட் சமமானால் மூன்றாவதாகப் பத்து பாயின்ட் டைபிரேக். முதலில் பத்து எடுப்பவர்கள் ஜெயிப்பார்கள். ஆனால் இரண்டு பாயின்ட் முன்னால் இருக்க வேண்டும். எட்டுக்கு எட்டு வந்தது. எதிர்ப்பக்கம் அந்தச் சின்னப் பெண் ஓரக்கோட்டை ஒட்டி ஒரு பந்து அடித்தாள். எங்களுக்கு நேர் முன்னால் விழுந்தது. கோட்டில் பட்டு, வெள்ளைச் சுண்ணாம்புத் துகள் கொஞ்சம் மேலே எழும்பியதை நான் பார்த்தேன். என் கண் தப்பாகப் பார்த்திருக்காது. அதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள்.

மகள் பந்தைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் பார்த்தாள். பக்கத்தில் தொப்பி கழன்றது. அவள் விரல் உயர்ந்தது.

எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிந்தது. நான் திரும்பி வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையில் வேர்வையே இல்லை.

எதிரில் ஆடிய பெண் ஒத்துக்கொள்ளவில்லை. தடத்தைக் காட்டச் சொன்னாள். அம்பயரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்ததும் மகள் நடந்துபோய், கோட்டுக்கு வெளியே நாலு விரல் தள்ளி இருந்த ஒரு தடத்தை மட்டையால் தொட்டுக் காட்டினாள். அது எப்போதோ விழுந்த பந்தின் தடம். ஓரம் எல்லாம் உதிர்ந்து போயிருந்தது. புதுத் தடம் கோட்டின் மேல் அப்படியே இருந்தது. அம்பயர் குனிந்து பார்த்தார். வலைக்குப் பக்கத்தில் நின்ற ஜோடிப் பெண்ணிடம், "நீ பார்த்தாயா?" என்று இங்கிலீஷில் கேட்டார். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு, பார்க்கவில்லை என்று தலையாட்டினாள். அம்பயர் வெளியே என்று கைகாட்டினார்.

நான் எழுந்து நின்றிருக்கிறேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

"சார், அந்தத் தடம் பழசு. பந்து கோட்டுல பட்டுச்சு. நான் பாத்தன்" என்றேன்.

தமிழில்தான் சொன்னேன். பிறகு அதையே கன்னடத்திலும் சொன்னேன். கோர்ட்டே நின்றுவிட்டது. மகள் என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவளிடம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். "உக்காரு. உனக்கு என்னா தெரியும்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அம்பயர் கம்பிவலை ஓரத்துக்கு வந்தார். பார்க்க வந்தவர்கள் சொல்வதை வைத்துத் தீர்ப்பை மாற்ற முடியாது, ஆட்டத்தின் நடுவில் பேசவும் கூடாது என்றார். "ஹொரகடெ ஹோகி மேடம்" என்று வாசலைக் காட்டினார். வெளியே போகச் சொன்னார். உண்மையைச் சொன்ன என்னை வெளியே அனுப்பிவிட்டு, அந்தப் பாயின்ட்டை என் மகளுக்கே கொடுத்தார்கள். ஒன்பதுக்கு எட்டு.

வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. முகம் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். என் மகள் பொய் சொல்லுவாள் என்பது தெரியாததல்ல. ஹோம்வொர்க் முடித்துவிட்டேன் என்பாள், சாப்பிட்டேன் என்பாள். இது வேறு. இரண்டு பேர் சேர்ந்து பழக்கப்படுத்தி வைத்திருந்த ஒன்று. அந்த இரண்டு பேரும் தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எத்தனை நாளாக நடக்கிறது, ஜெயித்துக் கொண்டுவந்து டிவி மேல் வைத்த கோப்பைகளில் எத்தனை இப்படி வந்தவை என்று யோசித்தேன். வேன் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பாய் என்னைத் தாண்டி உள்ளே போயிருந்தார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"முடிஞ்சிடுச்சும்மா. தோத்துட்டாங்க" என்றார்.

அவரே சொன்னார். "ஒம்போதுக்கு பத்து ஆயிடுச்சு. கடைசி பந்து, உங்க பொண்ணு வெளியன்னு விரல தூக்குச்சு. எம் பொண்ணு உள்ளன்னு சொல்லிடுச்சு. ஜோடில ஆளுக்கொண்ணு சொன்னா பாயின்ட் எதிராளிக்காம். என்னா நெனச்சி சொன்னான்னே தெரியல."

வேனில் திரும்பினோம். பெண்கள் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் இறங்கியதும் வீட்டுக்காரர்தான் ஆரம்பித்தார்.

"எதுக்கு எந்திரிச்ச? நம்ம புள்ளதான அது?"

"நம்ம புள்ளன்றதாலதான் எந்திரிச்சன்" என்றேன். "நீங்க எதுக்குத் தொப்பியக் கழட்டினீங்க?"

பாய் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். வீட்டுக்காரர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "எல்லாரும் செய்யறாங்க. மொத செட்டுல அவளுங்க நம்ம பந்து மூணத் திருடினாளுங்க. நம்ம மட்டும் கையக் கட்டிட்டு நிக்கணுமா? சந்தேகம் வந்தா மட்டும் பாருன்னுதான் சொல்லியிருக்கன்" என்றார்.

நான் பின்னால் திரும்பினேன். "பாப்பா, நெசத்தச் சொல்லு. அந்தப் பந்து உள்ளன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

அவள் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. "தெரியாதும்மா."

"கண்ணு முன்னாலதான விழுந்துச்சு?"

"நான் பந்தப் பாக்கல. கோட்டுகிட்ட வந்தா அப்பாவத்தான் பாப்பன். எது உள்ள எது வெளியன்னு எனக்கு இப்பல்லாம் தெரியறதே இல்ல."

அவள் அழவில்லை. பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். அதுதான் என்னை அதிகம் உலுக்கியது. வீட்டுக்காரர் திரும்பி அவளைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

அப்போது இன்னொரு ஜன்னலிலிருந்து ஜோடிப் பெண்ணின் குரல் வந்தது. "எனக்கு இந்தத் தொப்பி விஷயம் தெரியும் ஆன்ட்டி. மைசூர் மேட்ச்லருந்தே தெரியும். சொன்னா இவ என்கூட ஆட மாட்டான்னு பயம்."

பாய் வேனை ஓரமாக நிறுத்தினார். அத்திப்பள்ளிக்குக் கொஞ்சம் முன்னால். இறங்கிப்போய் ஐந்து பேருக்கும் இளநீர் வாங்கி வந்தார். என் வீட்டுக்காரரிடம் கொடுக்கும்போது, "குடிங்க" என்று மட்டும் சொன்னார். ரோட்டோரத்தில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. நாங்கள் நின்றபடி குடித்தோம்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் தேவையானது மட்டும்தான் பேசினோம். வீட்டுக்காரர் ஷிஃப்ட் மாற்றுவதை நிறுத்திவிட்டார். "நான் கெடுத்துட்டன்" என்று ஒருநாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துச் சொன்னார். அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். பாகலூர் ரோட்டுக்கு மகள் தானே பஸ்ஸில் போய் வர ஆரம்பித்தாள். ஜோடிப் பெண் ஒரு மாதம் போல எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பாயைக் கடைத்தெருவில் பார்த்தால் எப்போதும் போல நின்று பேசுவார். பிள்ளைகளைப் பற்றி அவரும் கேட்க மாட்டார், நானும் கேட்க மாட்டேன். அவர்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் இரண்டு பேரும் என் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ரசம் கேட்டார்கள். ஊற்றினேன்.

இந்த வருட ஆரம்பத்தில் சேலத்தில் ஒரு சின்னப் போட்டி. திரும்பவும் சேர்ந்து ஆடினார்கள். அன்று நான்தான் கூடப் போனேன். மகளுக்கு விரலைத் தூக்கவே பயம். நன்றாக வெளியே போன பந்துகளை எல்லாம் உள்ளே என்று விட்டுக்கொடுத்தாள். ஒரு பந்து கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அதையும் விட்டுவிட்டாள். ஜோடிப் பெண் இடுப்பில் கைவைத்து, "அது வெளியடி. அவ்ளோ தூரம் வெளிய" என்றாள்.

"நெசமாவா?" என்று கேட்டாள் மகள்.

"நெசமா."

முதல் சுற்றிலேயே தோற்றுப் போனார்கள். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பரோட்டா செட் சாப்பிட்டார்கள். தர்மபுரி வரும் முன்பே ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கிவிட்டார்கள்.