நூறு வரை எண்ணிய நீலத் திரை

அந்த லப்டொப் என் கடைக்கு நாலு தரம் வந்தது. முதல் மூன்று தரமும் திருத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு கொடுத்தனுப்பினேன். நாலாம் தரம் உண்மையாகவே திருத்தினேன். அந்த நாலாம் தரத்தைப் பற்றித்தான் இத்தனை வருடமாக யாரிடமும் கதைக்காமல் இருக்கிறேன்.

யுத்த காலம் அது. திருகோணமலையில், உள்துறைமுகத்துக்கு இறங்கும் தெருவொன்றில் எனக்குச் சின்னதாக ஒரு கொம்பியூட்டர் திருத்தும் கடை இருந்தது. முன்னால் கடை, பின்னால் நானும் மனைவியும் இருந்த இரண்டு அறைகள். அவளுக்கு அப்போது ஏழு மாதம். துறைமுகத்துக்குள் யாரும் நீந்தி வந்துவிடக் கூடாதென்று நேவிக்காரர் பகல் முழுக்கத் தண்ணீருக்குள் வெடி போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு வெடிக்கும் மேசையிலிருக்கும் திருகாணிகள் துள்ளி உருண்டுவிடும். அதனால் ஒரு தட்டில் ஈரத்துணியை விரித்து அதில்தான் திருகாணிகளைக் கழற்றிப் போடுவேன். வாசலில் வைக்கும் காட்போட் பெட்டிகளை ஊர் மான்கள் வந்து தின்னும். அவற்றை அதட்டித் துரத்துவேன். வருகிற சனத்தையும் கிட்டத்தட்ட அதே குரலில்தான் விசாரிப்பேன். எனக்கு அப்படியொரு முன்கோபம். இயந்திரத்தைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் தாங்கள் செய்ததை ஒளிக்கிறார்கள் என்பது என் முடிவு. "ஒண்டும் செய்யேல்லை, சும்மா இருந்தது" என்று ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த லப்டொப்காரரும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

"தம்பி, ஓடிக்கொண்டிருக்கேக்க திடீரெண்டு திரை நீலமா வருது. வெள்ளை எழுத்தில இங்கிலிசில என்னவோ போடுது. பிறகு செத்துப்போகுது."

"என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை, தம்பி."

நாற்பது வயதிருக்கும். நிலாவெளிக்கு அப்பால் இறக்கக்கண்டிக்காரர். சுனாமியில் கடல் கொண்டுபோன வீடுகளுக்குப் பதில் வீடு கட்டிக் கொடுத்த ஒரு தொண்டு நிறுவனத்தில் கட்டட மேற்பார்வையாளராக இருந்தார். லப்டொப் அவர்கள் கொடுத்தது. வீட்டு வரைபடங்களும், அத்திவாரம், சுவர், கூரை என்று எடுத்த படங்களும் அதில் இருந்தன. தினமும் அதைத் தூக்கிக்கொண்டு ஊரிலிருந்து பட்டணத்துக்கும் பட்டணத்திலிருந்து ஊருக்கும் பஸ்ஸில் போய்வந்தார்.

"ஒஃபிஸிலயே குடுக்கலாமே, அண்ணை?" என்று கேட்டேன்.

"குடுத்தா கொழும்புக்கு அனுப்புவாங்கள். ஒரு மாதம் போயிடும். வேலையை விடுங்கோ, எனக்கு இது சென்றியில போட்ட உடன பத்த வேணும். அதுதான் முக்கியம்."

விளக்கம் தேவைப்படவில்லை. நிலாவெளி வீதியில் சென்றிக்குச் சென்றி ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து இறக்குவார்கள். அடையாள அட்டையைக் கையில் பிடித்து, பையைத் திறந்து காட்டி, நடந்துபோய் மறுபக்கத்தில் ஏற வேண்டும். பைக்குள் லப்டொப் இருந்தால் அதைப் போட்டுக் காட்ட வேண்டும். திரையில் படம் வந்தால் அது லப்டொப். வராவிட்டால் அது என்னவென்று தீர்மானிக்கிறவர் துவக்கோடு நிற்கிறவர்தான். ஒருமுறை அவருடையது பற்றச் சுணங்கியதாம். பத்து மணிக்கு இறக்கி, பின்னேரம் நாலு மணி வரைக்கும் வெயிலில் மணலில் முழங்காலில் இருத்திவிட்டார்கள்.

"அதுக்குப் பிறகு கனவிலயும் நான் உதைப் போட்டுப் போட்டுக் காட்டிக்கொண்டு நிக்கிறன்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். எனக்கும் அவர் மேல் இரக்கம் வந்தது. ஆனால் அதைக் காட்டிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

முதல் தரம் ஒரு நாள் முழுக்க மேசையில் ஓடவிட்டேன். ஒரு கோளாறும் காட்டவில்லை. வைரஸ் நிறைய இருந்தது. எல்லாவற்றையும் துடைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். நீலத் திரையில் வந்த எழுத்தையும் வரிசையாக நின்ற பூச்சியங்களையும் ஒரு கொப்பித் தாளில் அப்படியே எழுதிக்கொண்டு வந்திருந்தார். இயந்திரம் செத்துப்போவதற்குள் ஒரு வரியாவது பிடிக்க வேண்டுமென்று நாலு தரம் முயன்று எழுதினாராம். அதைப் பார்த்து ராம் தகட்டில் பிழை என்று முடிவுகட்டினேன். கழற்றி, அதன் மஞ்சள் பற்களை அழிறப்பரால் தேய்த்துத் திரும்பப் பூட்டினேன். "வெடி போட்டுப் போட்டு உதறினதில இளகியிருக்கும்" என்று பெரிய நிபுணர் மாதிரிச் சொல்லியும் விட்டேன். அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

ஒரு கிழமையில் மறுபடியும் வந்தார். இந்த முறை சென்றியிலேயே நீலமாகிவிட்டதாம். அன்றைக்கு நின்றவன் முகம் தெரிந்தவன் என்பதால் விட்டுவிட்டானாம். நான் எல்லாவற்றையும் அழித்துச் சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டேன். இரண்டு நாள் எடுத்தது. அந்த இரண்டு நாளும் அவர் சந்தோசமாக இருந்ததாகப் பிறகு சொன்னார். கையில் அது இல்லாமல் பஸ்ஸில் போவது அவ்வளவு சுகமாம்.

நாலாம் தரம் அவர் வந்தபோது பின்னேரம் மூன்று மணி இருக்கும். பையை மேசையில் வைத்தார். நான் கையை விட்டு லப்டொப்பை எடுத்தேன். சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கின சட்டி மாதிரிச் சுட்டது. மழைக்காக அதைப் பொலித்தீன் பையொன்றில் வேறு சுற்றியிருந்தார். மூடியபடி இருந்தாலும் ஓரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணை, இது ஓடிக்கொண்டெல்லோ இருக்கு?"

"ஓம்."

"எப்ப தொடக்கம்?"

"காலமை வீட்டால வெளிக்கிட்டதில இருந்து. ஒஃபிஸில கரண்டில கொழுவிப்போட்டு, திரும்பப் போகேக்கயும் அப்பிடியே கொண்டுபோவன். மூடினாலும் நிக்காமல் இருக்கிற மாதிரி செய்து வைச்சிருக்கிறன். போடு எண்டு சொன்ன உடன படம் தெரிய வேணுமெல்லோ, தம்பி."

இதுதான் விஷயம். வைரஸுமில்லை, ராமுமில்லை, சிஸ்டமுமில்லை. வெயிலில் இருந்த அந்த ஒரு நாளுக்குப் பிறகு அவர் அதை அணைக்கவே இல்லை. காற்றுப் போகாத பொலித்தீனுக்குள், பைக்குள், பஸ்ஸுக்குள் அது வெந்து வெந்து நீலமாகியிருக்கிறது. நான் சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டுக் கொடுத்த அன்றைக்கே அவர் முதல் வேலையாக மூடினாலும் நிற்காதபடி மாற்றியிருக்கிறார். கண்டுபிடித்த சந்தோசத்திலும் மூன்று தரம் ஏமாந்த எரிச்சலிலும் நான் அவரைத் திட்டித் தீர்த்தேன்.

"மூண்டு தரமும் ஒண்டும் செய்யேல்லை எண்டு சொன்னனீங்கள்! என்ன, இதுக்குள்ள வைச்சுப் பாண் சுடுறீங்களோ?"

"நீங்கள் உதைக் கேக்கேல்லையே, தம்பி" என்றார் மெதுவாக. அது உண்மை. நான் கேட்கவில்லை.

பின்மூடியைக் கழற்றி விசிறியில் அடைந்திருந்த சீமெந்துத் தூசியைக் கிண்டி எடுத்தேன். சிப்பின் மேல் புதிதாகப் பசை பூசினேன். மூடினால் முழுதாக நின்றுவிடும்படி மாற்றினேன். "இனி எப்பவும் நிப்பாட்டிப்போட்டுத்தான் பையில வைக்க வேணும். ஒண்டரை நிமிசத்தில பத்தும். சென்றியில ஒண்டரை நிமிசம் பொறுக்கச் சொல்லுங்கோ" என்றேன். துவக்குக்கு முன்னால் ஒன்றரை நிமிடம் நின்று பார்க்காதவனின் புத்திமதி.

இத்தனை தரம் பாதியில் செத்ததில் ஹாட் டிஸ்க்கிலும் பிழை விழுந்திருக்கும். அடுத்த தரம் போடும்போது டிஸ்க்கைத் தானாகப் பரிசோதிக்கும்படி வைத்தேன். போட்டு ஓடவிடலாமென்று நினைத்தபோது கடைத்தெருப் பக்கமாகப் பெரிதாக ஒரு சத்தம் கேட்டது. துறைமுகத்து வெடி இல்லை, வேறு. தெருவில் கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. மனைவி பின்னாலிருந்து கூப்பிட்டாள். நான் லப்டொப்பைப் பையில் வைத்து அவரிடம் நீட்டினேன்.

"வீட்ட போய் முதல் போடேக்க நீலமா வரும். பயப்பட வேண்டாம், அது நான் வைச்சது. நம்பர் ஒண்டு ஏறும். அரை மணித்தியாலம் எடுக்கும். நூறு வாற மட்டும் தொடாதையுங்கோ."

அவர் பையை வாங்கிக்கொண்டு ஒரு கணம் நின்றார். ஏதோ கேட்கப் போனவர் மாதிரி வாயைத் திறந்தார். நான் கதவை இழுக்கத் தொடங்கியிருந்தேன். "ஓம், தம்பி" என்று சொல்லிவிட்டு பஸ் எடுக்க ஓடினார்.

நாளைக்கு வந்து எடுங்கோ, அண்ணை. இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது.

மறுநாள் காலை ஒரு பெண் வந்தார். அவருடைய மனைவி. அழவில்லை. அதே பஸ்ஸில் வந்த மீன் வியாபாரி ஒருவர் சொன்னதாகச் சொன்னார்.

"சென்றியில போடச் சொன்னவங்களாம். போட்டவராம். நீலமா வந்து நம்பர் ஏறத் தொடங்கிட்டுதாம். என்ன நம்பர் எண்டு கேட்டிருக்கிறாங்கள். இவருக்குச் சிங்களம் சரியா வராது. 'டிக்கக் இன்ன, டிக்கக் இன்ன' எண்டு, கொஞ்சம் பொறுங்கோ எண்டு அதைத்தான் சொல்லிக்கொண்டு நிண்டவராம். ஆரோ குண்டு எண்டு கத்த, எல்லாரும் ஓடிப்போய்ப் படுத்திட்டினமாம். கீழ வை எண்டு சொல்ல, இவர் வைச்சுப்போட்டு அதுக்குப் பக்கத்திலயே குந்திக்கொண்டாராம். ஒருத்தரையும் தொட விடேல்லையாம், தம்பி. அவங்கள் வந்து இவரைப் பிடிச்சுக் கட்டிக் காம்புக்குக் கொண்டுபோயிட்டாங்கள்."

அந்தப் பரிசோதனை தொடங்குவதற்கு முன் பத்து விநாடி அவகாசம் தரும். எந்த விசையைத் தட்டினாலும் விட்டுவிட்டு நேரே படத்துக்கு வந்துவிடும். அதையும் நான் அவருக்குச் சொல்லவில்லை. தொடாதையுங்கோ என்று மட்டும் சொன்னேன்.

"நீங்கள் ஒருக்கா வந்து சொல்லுங்கோ. திருத்தினது நான்தான், அந்த நம்பர் நான் வைச்சது எண்டு சொன்னா விளங்கிக்கொள்ளுவாங்கள்" என்றார்.

நான் சொன்னால் அவர்கள் விளங்கிக்கொள்வார்கள் என்று எனக்கும் தோன்றியது. அதே அளவுக்கு வேறொன்றும் தோன்றியது. முப்பது வயதுத் தமிழன் ஒருவன் தானாக நடந்துபோய், அந்த இயந்திரத்தில் எண்ண வைத்தவன் நான்தான் என்று சொன்னால், அவன் திரும்பி நடந்து வருவானா? பயம் வந்தது.

"கடிதம் ஒண்டு தாறன், அக்கா. அது காணும்" என்றேன்.

ஆங்கிலத்தில் தட்டெழுதினேன். இயந்திரம் இன்ன கோளாறுக்காகத் திருத்தப்பட்டது, நீலத் திரையில் ஓடியது டிஸ்க் பரிசோதனை, அதில் ஆபத்து எதுவும் இல்லை, பாவித்தவருக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. நல்ல ஆங்கிலம். கடையின் பேர் போட்ட தாள் அலுமாரியில் இருந்தது. அதை விட்டு வெறும் வெள்ளைத் தாளில் பிரிண்ட் எடுத்தேன். கீழே ஒரு புள்ளிக்கோடு. அதன் மேல் யாருடையதென்று சொல்ல முடியாத ஒரு கிறுக்கல். அந்த அக்காவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. நாலாக மடித்து, புருசனின் அடையாள அட்டைப் பிரதியோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பெரிய உதவி, தம்பி" என்று கும்பிட்டார். நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.

நாலாம் நாள் அந்த அக்கா திரும்பி வந்தார்.

"கடிதத்தைப் பாத்தவங்கள். பேர் இல்லையே, ஆர் எழுதினது எண்டு கேட்டாங்கள்."

"என்ன சொன்னனீங்கள்?"

"தெரியாது, தெருவில ஆரோ எழுதித் தந்தது எண்டு சொல்லிப்போட்டன்." கண்ணை என் தோளுக்குப் பின்னால் திருப்பினார். அறை வாசலில் என் மனைவி வயிற்றில் கைவைத்தபடி நின்றாள். "உங்கட வீட்டிலயும் ஒருத்தி இருக்கிறா. நான் உங்களைக் காட்டிக் குடுக்க மாட்டன். நீங்களா வந்தா வாங்கோ. அவரை இன்னும் அங்கதான் வைச்சிருக்கிறாங்கள். இண்டைக்கும் கண்டனான்."

"நாளைக்கு வாறன், அக்கா" என்றேன். அந்த நேரம் உண்மையாகத்தான் சொன்னேன்.

அவர் போனபின் மனைவி, "நாளைக்குப் போறியளோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். விடிந்ததும் முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு கொழும்பில் அவளுடைய சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டேன். பிள்ளைப்பேற்றுக்குப் போவதாக அயலில் சொன்னேன். நல்ல காரணம், யாரும் சந்தேகப்படவில்லை. மகள் பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துவிட்டுத்தான் திரும்பி வந்தேன்.

கடையைத் திறந்தபோது பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். "ஒரு மனிசி மூண்டு நாள் வந்து படியில இருந்திட்டுப் போனவ. கொழும்புக்குப் போயிட்டினம் எண்டு சொன்னாப் பிறகு வரேல்லை."

அந்த லப்டொப் இன்னும் எங்காவது இருந்தால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அதில் இனிமேல் நீலம் வர வழியில்லை. அவ்வளவு சரியாகத் திருத்தினேன். அந்த அண்ணை வீட்டுக்குத் திரும்பி வந்தாரா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரியாது. யுத்தம் முடிந்துவிட்டது. இறக்கக்கண்டிக்கு இப்போது பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம். வழியில் யாரும் இறக்குவதில்லை. போய் ஒரு வீட்டைத் தேடிக் கேட்பதற்கு ஒரு பின்னேரம் போதும். நான் போகவில்லை. அந்த மனிசி கதவைத் திறந்து, "வாங்கோ தம்பி, இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

கடிதத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. கொம்பியூட்டர் மாற்றும்போதெல்லாம் அதையும் கொண்டுபோகிறேன். சில வேளை திறந்து பார்ப்பேன். கீழே புள்ளிக்கோடு அப்படியே கிடக்கிறது. இதை எழுதி முடித்தபோதும் அடியில் என் பேரைப் போடலாமென்று பேனையை எடுத்தேன். போடவில்லை.