சீல் நம்பரும் என் மூக்குக்கண்ணாடியும்

“கண்ணாடி போட்டுக்கினு படிங்க மேடம். நீங்க ஒரு நம்பர மாத்தி எழுதினா, சரக்க எங்கடா எறக்குனன்னு என்னியத்தான் கேப்பாங்க.”

டிரெய்லர் ஓட்டும் ஏழுமலை இதை மூன்றாவது முறையாகச் சொன்னபோது எனக்குச் சுர்ரென்று ஏறியது. கான்வென்ட்டில் சிஸ்டர் கையால் அடி வாங்கி எண் எழுதப் பழகியவள் நான். எனக்கு இவர் பாடம் எடுக்கிறாரா?

சீல் போடுவது என்பது கதவைப் பூட்டும் வேலை இல்லை. பூட்டிய பிறகு யாரும் திறக்கவில்லை என்று சத்தியம் செய்யும் வேலை. மகள் ஹாஸ்டலுக்குப் போனதும், அணுபுரம் குவார்ட்டர்ஸில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல், செங்கல்பட்டில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் சேர்ந்தேன். சரக்கு ஏற்றிய கன்டெய்னர் கதவில் சீல் என்கிற விரல் தடிமன் ஆணியை மாட்டி அழுத்தினால் ‘டக்’. அப்புறம் வெட்டினால்தான் கழலும். அதன் தலையில் இருக்கும் நம்பரைப் பேப்பரில் எழுத வேண்டும். துறைமுக கேட்டில் அதிகாரி இரண்டையும் ஒத்துப் பார்ப்பார். ஒத்துப்போகவில்லையென்றால் வழியில் யாரோ திறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த யாரோ எப்போதும் டிரைவர்தான்.

எட்டும் மூன்றும்

கண்ணாடியைக் கைப்பையில் பத்திரமாக வைத்துவிட்டுக் கையை நீட்டி நீட்டிப் படிக்கும் என் வயதுச் சகோதரிகளே, உங்களுக்குப் புரியும். ஏழுமலையின் வாயை அடைக்கத்தான் அன்று கண்ணாடியை எடுத்து மாட்டினேன். நான் எழுதியிருந்த மூன்று, சீலில் எட்டாக இருந்தது.

அடித்து, திருத்தி, கையெழுத்துப் போட்டேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் இதே தப்பைச் செய்ததில் ஏழுமலையை மூன்று நாள் துறைமுக கேட்டிலேயே நிறுத்திவைத்தார்களாம். அதற்குள் மூத்த மகளின் பரிசம் அப்பா இல்லாமலே முடிந்துவிட்டது. “பொண்ணோட அப்பா எங்கன்னு மாப்ள வூட்ல கேட்டாங்களாம் மேடம். திருட்டு சந்தேகத்துல குந்தினுகீறாருன்னு சொல்ல முடியுமா?”

இடது கதவு

அதற்கப்புறம் நம்பரில் நான் புலி. ஆனால் மறைமலைநகர் தொழிற்சாலை ஒன்றில், மழை விட்ட மதியம், கன்டெய்னரின் வலது பக்கம் முழங்கால் அளவு தண்ணீர். புதுச் செருப்பு. பசி வேறு. இடது கதவு கைக்கு எட்டியது. அதிலேயே சீலை மாட்டி ‘டக்’ என்று அழுத்தினேன். நம்பரைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்து எழுதினேன். பெருமையாகத்தான் இருந்தது.

ஏழுமலை தண்ணீரில் இறங்கினார். கன்டெய்னரில் வலது கதவுதான் இடது கதவின் மேல் படிந்து மூடும்; அதனால் சீல் வலது கதவில்தான் போட வேண்டும். கைப்பிடியை இழுத்தார். வலது கதவு என் கண் முன்னாலேயே ஆவென்று திறந்தது. உள்ளே பெட்டிகள். பக்கத்துக் கதவில் என் சீல், ஒரு கீறல்கூட இல்லாமல். “சீலு பத்திரமா கீது மேடம். சரக்கத்தான் யார் வேணாலும் எறக்கிக்கலாம்.”

பன்னிரண்டு யானைகள்

மாமல்லபுரத்தில் சிற்பக்கூடம் வைத்திருக்கும் மாசிலாமணி, பன்னிரண்டு கல் யானைகளை வெளிநாட்டுக்கு அனுப்பினார். எந்த யானை எது என்று அடையாளம் எழுத வேண்டும். வயிற்றில் பெயின்ட்டால் நம்பர் போடச் சொன்னேன். என் யானை என்ன ரேஷன் மூட்டையா என்று கேட்டுவிட்டார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெயிலில் ஒவ்வொரு யானையாகச் சுற்றிவந்தேன். நான்காவதற்குக் காது ஓரத்தில் சின்னப் பிளவு. ஏழாவதற்கு இடது தந்தம் குட்டை. எழுதியதை வாங்கிப் படித்த மாசிலாமணி ஏழாவது யானையின் தந்தங்களை விரலால் அளந்து பார்த்தார். “நாப்பது வருஷத்துல என் வேலையில குறை சொன்ன மொத ஆளு நீங்கதாம்மா. அதையும் கவர்மென்ட்டு பேப்பர்ல சொல்லிட்டீங்க.”

சீல் இல்லாத நந்தி

அதே மாசிலாமணியின் பத்தடி நந்தி எந்த கன்டெய்னரிலும் நுழையவில்லை. திறந்த டிரெய்லரில் தார்ப்பாய் போட்டு அனுப்ப அனுமதி வாங்கினோம். கதவே இல்லாத சரக்குக்கு ஏது சீல்? நான் எழுதும் அடையாளமும் போட்டோவும்தான் சாட்சி.

வண்டி வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும். ஓட்டப்போவது ஏழுமலை. ஞாயிற்றுக்கிழமை அவருடைய இளைய மகளுக்குப் பரிசம். வேறு டிரைவரைக் கேட்கட்டுமா என்றேன். இருக்கும் டிரைவர்களில் நந்தியை அலுங்காமல் கொண்டுபோகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தானே ஓட்டுவதாகத் தலையை ஆட்டினார், முகம் மட்டும் சரியில்லை.

ஏணி போட்டு ஏறினேன். திமிலிலிருந்து வால் வரை ஓடும் சாம்பல் ரேகை. கழுத்து மாலையில் மூன்றாவது மணியின் நாக்கு ஒடிந்திருந்தது. ஒன்றரைப் பக்கம் எழுதினேன். திரும்ப ஏறி, எழுதியதை நந்தியோடு ஒத்துப் பார்த்தேன். துறைமுக கேட்டில் அதிகாரி பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நந்தியைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். மூன்றாவது மணியின் ஒடிந்த நாக்கைப் பார்த்ததும் சிரித்து, கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

ஞாயிறு காலை பரிசத்துக்கு நான் போனபோது ஏழுமலை வெள்ளை வேட்டியில், மாப்பிள்ளை வீட்டாருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். “சம்மந்தி, இவங்கதான் எங்க மேடம். இவங்க கண்ணாடி போட்டுக்கினா நான் வூட்டுக்கு வந்துடுவேன்.”

ஆக, ஒரு மனிதரின் நல்ல பெயர் என் மூக்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதால், சீல் நம்பரைக் கொஞ்சம் பெரிதாக அச்சடிக்கக் கூடாதா என்று அதைத் தயாரிக்கும் கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதிவிட்டேன், கொட்டை எழுத்தில். இன்னும் பதில் இல்லை.