டிரான்ஸ்பார்மர் ஓரத்தில் ஒரு மஞ்சப்பை

பெரம்பலூர் தேர்த் திருவிழாவில் கையில் பச்சைத் துணி கட்டி, கழுத்தில் விசில் மாட்டி என்னையும் தன்னார்வலர் ஆக்கினார்கள். முதல் நாள் போலீஸ் வகுப்பில் சொன்னது ஒன்றுதான்: கேட்பாரற்றுக் கிடக்கும் பையைத் தொடாதே, எங்களிடம் சொல். அதன்பிறகு பையைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை.

எங்கள் ஊரில் விடியும்போதே வந்து, பையோ துண்டோ போட்டு இடம் பிடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவார்கள். அதனால் வீதி முழுக்கக் கேட்பாரற்ற பைகள். ஒவ்வொன்றையும் முறைத்தேன். தூக்குவாளி வைத்திருந்தவரை முறைத்தேன். அந்த வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தவரை முறைத்தேன். அவர் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்.

பத்தரை மணிக்கு அதைப் பார்த்தேன். டிரான்ஸ்பார்மர் ஓரம், நிழலில் ஒரு மஞ்சப்பை. சதுரமாக, கனமாக, வாய் இறுக்கிக் கட்டியிருந்தது. தேர் தெருமுக்கு திரும்பிவிட்டது. விசிலை வாயில் வைத்தேன்.

பக்கத்தில் நின்ற பெண் காவலர் அதைப் பிடுங்கினார்.

"ஊதுனீங்கன்னா எல்லாரும் ஓடுவாங்க சார். எங்க ஓடுவாங்க? தேர்ச் சக்கரத்துக்குத்தான்."

பையைக் காட்டினேன். அவர் வாக்கிடாக்கியில் மெல்லப் பேசினார். தேருக்குக் கட்டை போட்டு நிறுத்தினார்கள். பிறகு, "அந்தப் பக்கம் மோர் ஊத்துறாங்க, போங்க போங்க" என்று சிரித்தபடியே கூட்டத்தை நகர்த்தினார். யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எல்லாருடைய பங்குக்கும் சேர்த்து நான்தான் நடுங்கினேன்.

அப்போது திருமானூரிலிருந்து வந்திருந்த என் மாமியார், கையில் மோருடன் குறுக்கே நடந்து வந்து அந்தப் பைமேலேயே உட்கார்ந்தார். நான் கண்ணை மூடிக் காதைப் பொத்தினேன். வெடிக்கவில்லை. விரலை எடுத்தேன்.

"யாரு பைம்மா அது?" என்று காவலர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க மாப்ள வச்சது. முட்டி வலிக்குதேன்னு உக்கார ரெண்டு செங்கல்லு போட்டு எடம் புடிச்சிருந்தாரு. அங்க வெயிலா இருந்துச்சு, நாந்தான் இங்க தூக்கியாந்தேன். அந்தா நிக்கிறாரு பாருங்க."

காவலர் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க வச்ச பையாங்க சார்?"

"நான் வச்சப்ப அது வெயில்ல இருந்துச்சுங்க."

கட்டையை எடுத்தார்கள். தேர் எங்களைக் கடந்து போனது; ஒருவர்கூட ஓடவில்லை. விசிலைத் திருப்பிக் கேட்டேன்.

"தேரு நிலைக்கு வரட்டும் சார்" என்று தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.