டேங்க் எண் 1742

கப்பை வைக்க ஷோகேஸில் இடம் ஒதுக்கிய பிறகுதான் என் புருஷன் போட்டிக்கே கிளம்பினார். நடுத்தட்டில் இருந்த எங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்து பீரோ மேலே போட்டுவிட்டு, அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தார். நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் இது அவருடைய கதை இல்லை, அபியின் கதை. அவர் இதில் வருவதே அவள் செய்ததைத் தூக்கிக்கொள்ளத்தான்.

அபிக்கு இருபத்தொன்பது வயது. காடாம்புலியூர்க்காரி. அப்பா கலியன் முந்திரித் தோப்புகளில் கூலிக்குப் போனவர். சொந்தமாக ஒரு மரம் கிடையாது. ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஆறு வருடமாக நிலக்கரிச் சுரங்கத்து வொர்க்‌ஷாப்பில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறாள். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றுகிற பிரிவு. என் புருஷன் கருப்பசாமி அதே பிரிவில் பெர்மனென்ட் டெக்னீஷியன். கம்பி சுற்றுவது அவள், சுற்றி முடித்ததும் தாளில் கையெழுத்துப் போடுவது இவர். இத்தனை வருடம் அதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. சாத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான், மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அபிக்கு டேங்க் ஆசை வந்தது ஒரு வீடியோவில். யாரோ வெளிநாட்டுக்காரர் ரிமோட்டில் ஓடும் ராணுவ டேங்க் ஒன்றைச் சேற்றுக்குள் இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் மண் வெட்டுகிற பெரிய இயந்திரங்கள் நகர்வதும் அதே மாதிரிச் சங்கிலிப் பட்டையில்தான். அவற்றின் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுகிறவளை அவற்றின் மேல் ஏற ஒருவரும் விடமாட்டார்கள். தானே ஓட்ட ஒன்று வேண்டும் என்று தோன்றியதாக என்னிடம் சொன்னாள். கடையில் ஒரு பொம்மை டேங்க் வாங்கினாள். அதன் பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒரே வாரத்தில் பல்லிளித்தது. ரிமோட்டையும் அதன் சர்க்யூட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டரை அடி நீளத்தில் தானே ஒன்று கட்ட ஆரம்பித்தாள்.

அவள் வீட்டில் கோழிகளுக்கே இடம் பற்றாது. போனில் பாதி டேங்கின் படத்தைப் பார்த்த என் புருஷன், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குவார்ட்டர்ஸ் பின்னால் இருக்கும் ஷெட்டில் வந்து செய்துகொள்ளச் சொன்னார். தன் டிரில்லிங் மெஷினையும் கொடுத்தார். அன்றைக்கு அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அதையும் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி ஆகிவிடுவேன்.

எட்டு மாதம் வந்தாள். காலை பஸ்ஸில் இறங்கி, ஒரு டம்ளர் டீயோடு ஷெட்டுக்குள் போனால் சாயங்காலம்தான் தலை தெரியும். பட்டைக்கு சைக்கிள் செயின். ஒரு பக்கத்துக்கு இரண்டு செயினை இணையாக வைத்து, குறுக்கே அலுமினியத் துண்டுகளை ஒவ்வொன்றாக ரிவெட் அடித்தாள். அலுமினியம் பண்ருட்டிப் பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஜன்னல் சட்டம். சின்ன மோட்டார்கள் இரண்டும் வேகமாகச் சுற்றின, ஆனால் எடையை இழுக்கத் திணறின. அவற்றைப் பிரித்து, மெல்லிய கம்பியில் அதிகச் சுற்று சுற்றினாள். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்ததில் மூன்று ஞாயிறு அதற்கே போனது. டேங்க் மெதுவாகப் போக ஆரம்பித்தது. ஆனால் என் அம்மிக்கல்லை ஏற்றி வைத்தாலும் இழுத்தது.

திரும்பும்போதெல்லாம் செயின் கழன்றுகொண்டே இருந்தது. ஒருநாள் அதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், பெரிய இயந்திரத்தில் முன்சக்கரத்தை நகர்த்திப் பட்டையை இறுக்குவார்களே என்று எழுந்தாள். முன்சக்கரத்தின் துளையை அரத்தால் நீளமாக ராவி ஒரு போல்ட் வைத்தாள். பிறகு கழலவில்லை. குண்டு விடுகிற குழலுக்கு பிவிசி பைப். பொத்தானை அமுக்கினால் 'டம்' என்ற சத்தத்தோடு குழல் பின்னால் போய் முன்னால் வரும். அதைச் செய்த அன்று அவள் சிரித்த சிரிப்பில் நான் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தேன்.

பச்சையும் மண்நிறமுமாக பெயின்ட் அடித்துக் கடைசியில், குழல் பொருத்திய மேல்கோபுரத்தின் பக்கவாட்டில் வெள்ளையில் 1742 என்று எழுதினாள். என்ன நம்பர் என்று கேட்டேன்.

"எல்லா மெஷினுக்கும் ஒரு நம்பர் இருக்குதுல்லக்கா. இதுக்கும் ஒன்னு இருக்கட்டும்" என்றாள்.

நானும் அதோடு விட்டுவிட்டேன்.

எங்கள் குவார்ட்டர்ஸ் பகுதியில் நாலைந்து தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் மன்றம் ஒன்று உண்டு. அவர்கள் கைவினைக் கண்காட்சிப் போட்டி வைத்தார்கள். விண்ணப்பத்தில் பெர்மனென்ட் ஊழியர் எண் கேட்டார்கள். கான்ட்ராக்ட் ஆட்கள் சேர முடியாது. என் புருஷன்தான் வழி சொன்னார்: "என் நம்பர்ல போட்டுருவோம். யார் செஞ்சதுன்னு மைக்குல நானே சொல்லிடுறேன்." அபி நம்பினாள். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் டேங்குக்கு முன்னால் வைக்கிற அட்டையை எழுதும் வேலை எனக்கு. 'தயாரிப்பு: கருப்பசாமி' என்று எழுதினேன். எழுதும்போது கை கூசவில்லை. மன்றத்து விதி என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வாரத்தில் என் புருஷன் மாறிப்போனார். ஷிப்டில், டீக்கடையில், கோவில் வாசலில், எங்கே பார்த்தாலும் என் டேங்க், என் டேங்க். ஆல்பம் பீரோ மேலே போனதும் அப்போதுதான். போட்டிக்கு முந்தின நாள் அபி அட்டையைப் பார்த்தாள். நேராக அவரிடம் போனாள்.

"கீழ ஒரு வரி என் பேரும் எழுதிக்கலாமா சார்? எட்டு மாசமா நான் செஞ்சிகினு இருந்தது."

விதி இடம் கொடுக்காது என்றார் அவர். மைக்கில் சொல்வீர்களா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார். அவள் நகராமல் நிற்கவும் குரலைத் தாழ்த்தினார்.

"என் ஷெட்டு, என் டிரில்லு. இந்த அலுமினியமும் கம்பியும் எங்கிருந்து வந்துச்சுன்னு வொர்க்‌ஷாப்புல யாராவது கேட்டா, உன் கேட் பாஸ் என்ன ஆகும்னு யோசிச்சியா?"

சுரங்கத்திலிருந்து ஒரு நட்டு வெளியே வந்தாலும் கான்ட்ராக்ட் ஆளுக்கு பாஸ் போய்விடும். பாஸ் போனால் வேலை போச்சு. அவள் அங்கிருந்து ஒரு வாஷர்கூடக் கொண்டுவந்ததில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அபி பையை எடுத்துக்கொண்டு போனாள். நான் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சாம்பாருக்குத் தாளித்தேன். என் மேல் எனக்கே ஆத்திரம் வருவது அந்தத் தாளிப்புக்காகத்தான்.

மறுநாள் மைதானத்தில் மணல்மேடு, செங்கல் படி, ஒரு சேற்றுக் குழி எல்லாம் தயாராக இருந்தன. நடுவர் ராயப்பன். ராணுவத்தில் நிஜ டேங்க் ஓட்டியவர், இப்போது சுரங்கத்து வாசலில் பாதுகாப்பு வேலை. என் புருஷன் ரிமோட்டைப் பிடித்து ஓட்டினார். டேங்க் மணல்மேட்டில் ஏறி இறங்கியது. கூட்டம் கைதட்டியது. அபி கயிற்றுக்கு வெளியே வேடிக்கை பார்க்கிறவர்களோடு நின்றாள். மைக் அவர் கைக்கு வந்தது. எட்டு மாத உழைப்பு என்றார், குடும்பத்தின் ஆதரவு என்றார், எனக்குக்கூட நன்றி சொன்னார். அபியின் பேர் வரவில்லை.

ராயப்பன் டேங்கைத் தூக்கி அடியில் பார்த்தார். மோட்டாரில் எத்தனை சுற்று என்று கேட்டார். நிறையச் சுற்று என்றார் என் புருஷன். ராயப்பன் கோபுரத்தின் மேல் விரலை வைத்தார்.

"டேங்குல நம்பரைச் சும்மா எழுத மாட்டாங்க. இது என்ன நம்பர்?"

என் புருஷன் ஒரு நொடி நம்பரைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, மைக்கிலேயே, அது, தான் வேலையில் சேர்ந்த தேதி என்றார். பதினேழு, நாலு, ரெண்டாயிரத்து ரெண்டு.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. எழுந்து போய் மைக்கைப் பிடுங்கினேன்.

"இவருக்கு ஆர்டர் வந்தது பொங்கல் கழிஞ்ச மறுவாரம். ஆர்டரைக் கண்ணுல பார்த்த பிறகுதான் எங்க அப்பா எனக்குத் தாலி கட்ட விட்டாரு. கல்யாணம் மாசியில. ஏப்ரல்ல சேர்ந்தேன்னு சொல்றது பச்சைப் பொய். டேங்கும் இவர் செஞ்சதில்ல. அபி, அது என்ன நம்பர்னு நீ சொல்லு."

நிஜமாகவே எனக்குத் தெரியாது. அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்பது மட்டும் தெரிந்தது.

அபி உடனே வரவில்லை. என் புருஷனைப் பார்த்தாள். அப்புறம் கயிற்றைத் தாண்டி வந்து, பையிலிருந்து கேட் பாஸை எடுத்து ராயப்பனிடம் நீட்டினாள். அவர் மைக்கில் படித்தார்: அபி, கான்ட்ராக்ட், ஒன்று ஏழு நாலு இரண்டு.

என் புருஷனுக்கு அப்போதும் புத்தி வரவில்லை. அந்த அலுமினியமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அவளையே கேட்கச் சொன்னார். ராயப்பன் அவரை நிதானமாகப் பார்த்தார்.

"ஆறு வருஷமா இந்தப் பொண்ணு பையை கேட்டுல மேசை மேல திறந்து வைக்கும், நான் பார்ப்பேன். சோத்து டப்பாவும் தண்ணி பாட்டிலும்தான் இருக்கும். உங்க வண்டி டிக்கியைத்தான் நான் ஒரு நாளும் திறக்கச் சொன்னதில்ல."

கூட்டத்தில் எவரோ சிரித்தார்கள். ராயப்பன் ரிமோட்டை வாங்கி அபியிடம் கொடுத்தார். அவள் சேற்றுக் குழிக்குள் இறக்கினாள். என் புருஷன் பயந்து தொடாமல் விட்ட குழி அது. பாதி முழுகி, பட்டை சேற்றை வாரியடித்து, டேங்க் அந்தப் பக்கம் ஏறி நின்றது. கோபுரத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி 'டம்' என்று ஒரு குண்டு விட்டாள்.

மன்றத்துக்காரர்கள் கூடிப் பேசினார்கள். கான்ட்ராக்ட் ஆள் செய்தது போட்டியில் சேராது என்று தள்ளிவிட்டு, தெர்மாகோல் ராக்கெட் ஒன்றுக்குக் கப்பைக் கொடுத்தார்கள். அவர்களிடமும் சண்டை போட்டேன். விதி விதிதான் என்றார்கள். அபி டேங்கைக் கழுவி, சாக்கில் கட்டி, காடாம்புலியூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். என்னிடம் வருகிறேன் என்று சொன்னாள். இவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் புருஷன் ஆடித் தீர்த்தார். நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டேனாம். கடைசியில் ஒன்று கேட்டார்: "அவ பாஸ் நம்பர் எனக்கு எப்படித் தெரியும்?"

"தினம் காலையில கான்ட்ராக்ட் ஆளுங்க லிஸ்ட்ல நம்பருக்கு நேரா கையெழுத்துப் போடுறது யாரு? ஆறு வருஷமா?"

ஆட்டம் அதோடு நின்றது. அன்றைக்கு அவருக்கு தோசை ஊற்றவும் நான் எழுந்திருக்கவில்லை.

இப்போதும் தினம் காலையில் அந்த லிஸ்டில் கையெழுத்துப் போடுகிறார். அபியும் கம்பி சுற்றுகிறாள். கப்புக்காகத் துடைத்து வைத்த இடத்தில் ஆல்பத்தைத் திரும்ப வைக்க எனக்கு மனம் வரவில்லை. 'தயாரிப்பு: கருப்பசாமி' என்ற அந்த அட்டையை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறேன். எடுத்துப் போடச் சொல்லி அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். எழுதியது நான் என்பதால் நானும் அதைத் தினம் பார்க்க வேண்டியிருக்கிறது.