தேவமலர் சின்னம்மாவின் இடது முட்டி

தேவமலர் சின்னம்மாவின் முட்டி சில நாள் வலிக்கும், சில நாள் வலிக்காது. அவர் பெயரைக் கெடுத்தது அதுதான். என்றைக்கும் நொண்டுகிறவரை யாரும் சந்தேகப்படுவதில்லை. நேற்று சுவரைப் பிடித்து நகர்ந்தவர் இன்று பாசார் மாலாம் இரவுச் சந்தையில் இரண்டு கையிலும் பை தூக்கி நடந்தால், பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா?

அவர் என் அம்மாவின் தங்கை. குருபோங்கில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வருடக்கணக்காக நின்றபடியே வேலை பார்க்கிறவர். ஒருநாள் தட்டுகளை அடுக்காகத் தூக்கிக்கொண்டு உடம்பைத் திருப்பினார், பாதம் திரும்பவில்லை. முட்டிக்குள் ஏதோ தெறித்தது. அன்று முதல் அது நினைத்த நேரத்தில் பூட்டிக்கொள்ளும். பாதி மடங்கிய காலை நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. பிறகு தானாகவே விட்டுவிடும்.

கம்பெனி அனுப்பிய கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒரு கீறல்கூட இல்லை. லைன் லீடர் திலீப்புக்கு அதுவே போதும்.

"என்னக்கா, ஓவர்டைம்னா மட்டும் ஒங்க முட்டி பூட்டிக்குது? சாவி யாருகிட்ட இருக்கு?"

லைனே சிரித்தது. பக்கத்து இடத்தில் நிற்கும் மாரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. பாசார் மாலாமில் சின்னம்மா நடந்ததைக் கைப்பேசியில் எடுத்து, வாட்ஸ்அப் குழுவில் போட்டதே அவர்தான். சில நாளில் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பொய் சொல்லி எம்சி என்கிற மருத்துவ விடுப்பு எடுத்தார் என்று முடிவானால் வேலை போய்விடும்.

எங்கள் தோட்டக் குடியிருப்பிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்; அதுவும் மருத்துவப் படம் எடுக்கிற படிப்பில். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. அப்பா அலோர் காஜா கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறார். அதனால் சின்னம்மா வீட்டுக்கு நானே போனேன்.

"எக்ஸ்ரேயில எலும்புதான் தெளிவா தெரியும் சின்னம்மா. நடுவுல மெத்தை மாதிரி குருத்தெலும்பு இருக்கு. அது கிழிஞ்சிருந்தா எம்ஆர்ஐலதான் தெரியும். டாக்டரே எழுதிக் குடுத்துட்டாருலா, ஏன் போவ மாட்டேங்கிறீங்க?"

"அதுலயும் ஒன்னுமில்லன்னு வந்துச்சுன்னா?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒங்கிட்ட மட்டும் சொல்றேன்டா. எனக்கே சந்தேகமா இருக்கு. வேலைக்குப் போவப் புடிக்காம நானேதான் இப்பிடிப் பண்றேனோ? வீட்டுல நல்லா இருக்குற காலு, கம்பெனி பஸ்ஸப் பார்த்தா ஏன் மக்கர் பண்ணுது?"

திலீப்பும் மாரியம்மாவும் அவரை விழித்திருக்கும் நேரத்தில்தான் வேவு பார்த்தார்கள். அவர் தன்னைத் தூக்கத்திலும் வேவு பார்த்திருக்கிறார்.

விளக்கம் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியதும்தான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார். நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி அல்ல, வேறு. கையில் கட்டிய பெயர்ப்பட்டையை என்னைப் படிக்கச் சொன்னார். பிறகு அங்கிருந்த தாதியிடம் காட்டியும் படிக்கச் சொன்னார்.

முடிவு வந்த அன்று டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். முட்டிக்குள் பிறை வடிவில் இருக்கவேண்டிய குருத்தெலும்பு நீளவாக்கில் கிழிந்து, ஒரு துண்டு மூட்டின் நடுவில் புரண்டு கிடந்தது. அவர் மலாயில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"கதவிடுக்குல துணி மாட்டுன மாதிரி சின்னம்மா. மாட்டுனா காலு பூட்டிக்கும். நழுவிட்டா சாதாரணமா நடக்கலாம்."

"அப்ப நான் நடிக்கல?"

"இல்ல."

"நீ சொல்லாத. அவரக் கேளு."

கேட்டேன். டாக்டர் சிரிக்காமல் தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் சின்னம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

படத்தைப் பார்த்த திலீப் அசரவில்லை. "முட்டிக்கு மூஞ்சியா இருக்கு? யாரு முட்டியோ, யாரு கண்டா! அக்கா மவன் வேற இதே வேலதான பாக்குறான்?" நான் படித்த படிப்பே அவருக்கு எதிர்ச்சாட்சி ஆனது. நல்லவேளையாக அலுவலகத்தார் ஆஸ்பத்திரியிலேயே நேராக விசாரித்தார்கள். கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அறுவை சிகிச்சைக்கு விடுப்பும் கிடைத்தது.

முட்டியில் சிறு துளை போட்டுக் கிழிசலைத் தைத்தார்கள். மாதங்கள் கழித்து அவர் வேலைக்குத் திரும்பிய நாளில் நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். வீட்டுப் படியில் மளமளவென்று இறங்கி வந்தவர், தொழிற்சாலை வாசலில் காரைவிட்டு இறங்கியதும் இடது காலை இழுத்து நடந்தார். பதறிப்போய்க் கண்ணாடியை இறக்கினேன்.

"என்ன சின்னம்மா, வலிக்குதா?"

"வலியுமில்ல ஒன்னுமில்ல. நல்லா நடந்தா, 'பாத்தியா, அப்பவே நடிச்சிருக்காடி'ன்னு சொல்லுவாளுங்க. கொஞ்ச நாளைக்கு இப்பிடியே இருக்கட்டும்லா."

மாரியம்மா வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மா அவரைக் கடந்து உள்ளே போனார். நொண்டல் தத்ரூபமாக இருந்தது. அத்தனை மாதம் உண்மையாகவே நொண்டியவர் அல்லவா.